விளையாட்டுப் பணிக்கு (playwork, பிள்ளைகளின் விளையாட்டுக்குத் துணை நிற்கும் வேலை) பயிற்சி, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அக்காமார், அண்ணாமார். கோண்டாவில் பக்கம் ஒரு முன்பள்ளியில் நாலு வருசமாகப் படிப்பிக்கிறேன். போன கிழமை பிள்ளைகளிடம் மூன்று பழைய டயர், கொஞ்சம் சிரட்டை, ஒரு கிழிந்த சாரம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அரை மணித்தியாலத்தில் பஸ், தேத்தண்ணிக் கடை, கப்பல் எல்லாம் முளைத்துவிட்டன! ஒரு தாய் மட்டும் "எப்ப ஆனா ஆவன்னா எழுதுவினம்?" என்று கேட்டா. அவவுக்குக் காட்டவாவது ஒரு சான்றிதழ் வேண்டும்.

விளையாட்டைப் பிள்ளையே நடத்த வேண்டும், பெரியவர் துணைக்கு நிற்க வேண்டும் என்று பிரித்தானியாவில் 2005இலேயே கொள்கை எழுதி, இந்தப் பணிக்கெனத் தனித் தகைமையும் வைத்திருக்கிறார்கள். சரி, நம் ஊருக்கு வருவோம். முன் அனுபவத்தைக் காட்டி என்.வி.கியூ. 4 (தேசிய தொழில் தகைமை, 4ஆம் மட்டம்) எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? மதிப்பீட்டுக்கு என்னென்ன ஆதாரம் கொண்டு போனீர்கள்? திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் படித்தவர்களும் சொல்லுங்கோ. கிழமை நாளில் லீவு எடுக்க ஏலாது.