புதுச்சேரிக் கடற்கரையில், இல்லாதவற்றைக் காட்டியவர்கள்

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய பகுதியைச் சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் முழுவதும் நடந்தே பார்த்தேன். அதற்கு முன்பும் மூன்று முறை சென்று, மஞ்சள் சுவர்களையும் அவற்றின்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இம்முறை வழியில் சந்தித்தவர்களோ, அந்தந்த இடத்தில் முன்பு இருந்து இப்போது இல்லாமற்போனதை எனக்குக் காட்டினார்கள். அதனால் நன்கு தெரிந்த ஊர் என்று எண்ணியிருந்த இடத்தைப் புதிதாகப் பார்க்க நேர்ந்தது.

காலை ஏழரை மணி வரை அச்சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் விடியும் முன்பே சென்றுவிட்டேன். காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும், செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கரையோரப் பாறைகளின்மேல் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்துக் கடலுக்குள் கை நீட்டினார். அலைகளுக்கு நடுவே சில இரும்புத் தூண்களின் எச்சங்கள் கறுத்துத் தெரிந்தன. "அதுதான் பழைய பாலம், தம்பி" என்றார். 1866இல் கட்டப்பட்டு, 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த கப்பல் பாலம் அது. இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில், பாலம் வருவதற்கு முன்பெல்லாம் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சலங்கு எனப்படும் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன.

அவர் வடக்கே குருசுக்குப்பத்தைச் சேர்ந்த மீனவர். பாலத்தைப் பற்றித் தம் தந்தையார் சொல்லக் கேட்டதைச் சொன்னபோது இயல்பாக இருந்த அவருடைய குரல், மணலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மாறியது. "நீ நிக்கிற இந்தக் கல்லு இருக்கிற இடமெல்லாம் மணலா கெடந்துச்சு. கட்டுமரத்தை இழுத்துப் போட்டுட்டு அங்கேயே படுத்துத் தூங்குவோம்" என்றார். நான் அதுவரை அந்தக் கருங்கற்களை இவ்வூரின் பழைய அழகுகளுள் ஒன்றாகவே எண்ணியிருந்தேன். உண்மையில் அவை கடல் உள்ளே வராமல் தடுக்கக் கொட்டப்பட்டவை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கின்றன. நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980களின் இறுதியில் துறைமுகம் அமைந்தபோது, அதற்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன. வடக்கே அரிப்பு மட்டும் தொடர்ந்தது. இவ்வளவையும் நான் படித்திருந்தேன். படுத்துத் தூங்கிய ஒருவர் சொல்லக் கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கியது. விடைபெறும்போது, "தலைமைச் செயலகத்துப் பக்கம் போய்ப் பாரு, கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு" என்றார். மாலையில் செல்வதாகச் சொல்லி நகர்ந்தேன்.

2014ஆம் ஆண்டு நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்ட, மேரி எனப்படும் பிரெஞ்சுக்கால நகர மன்றக் கட்டடத்தைக் கடந்து பாரதி பூங்காவுக்குள் நுழைந்தேன். ஆயி மண்டபத்தின் அருகே நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "நீங்கள் இப்போது கோட்டைக்குள் நிற்கிறீர்கள், தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர் கட்டிய லூயி கோட்டை இப்பகுதியில்தான் இருந்தது என்றும், 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனோடு வீடுகளையும் மாளிகைகளையும் சேர்த்தே தரைமட்டமாக்கினர் என்றும் அவர் விளக்கினார். ஆகவே, பிரெஞ்சு நகரம் என்று நாம் படமெடுக்கும் தெருக்களில் நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 1763ஆம் ஆண்டின் பாரீசு உடன்படிக்கையால் ஊர் திரும்பக் கிடைத்த பின்னர் எழுந்தவை. ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும் தெருக்களின் வரைபடமோ பிரெஞ்சுக்காரர் போட்டதன்று. 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர் போட்டது.

பெரும்பாலான பயணிகள் கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடைப்பட்ட தெருக்களோடு திரும்பிவிடுகிறார்கள். அது பாதி ஊரைப் பார்த்ததற்கே சமம் என்று உறுதியாகச் சொல்வேன். வாய்க்காலுக்குக் கிழக்கே, உயர்ந்த மதில்களும் பெரிய கதவுகளும் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. மேற்கே வந்தால் வீடுகள் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருவை நோக்கித் திறந்திருக்கின்றன. ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப்பிள்ளையின் இல்லம் 1738இல் கட்டப்பட்டது. கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்தது. நாட்குறிப்பு எழுதிய அப்பெருமகனார் நகரம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் மறைந்தார். அவருடைய வீடு இன்றும் நிற்கிறது.

அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு தெருவில், திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவர், வெயிலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "ஏன் நிக்கிற, வந்து உக்காருப்பா" என்றார். செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிர் வரிசையைச் சுட்டிக்காட்டினார். "அங்க மூணு வீட்டுல திண்ணை இருந்துச்சு. இடிச்சுட்டு வண்டி நிறுத்துறாங்க. மழை வந்தா ஒதுங்க இப்ப எங்க திண்ணை மட்டும்தான்" என்றார். முன்பின் அறியாத ஒருவன் வீட்டுக்குள் நுழையாமலேயே அவ்வீட்டின் விருந்தினனாக இருக்க முடியும் என்பதை அந்த அரை மணி நேரத்தில் உணர்ந்தேன். இத்தகைய திண்ணைகளும் தெருத் தாழ்வாரங்களும் வரிசையாகச் சீரமைக்கப்பட்டிருப்பதைக் காண விரும்புவோர் வைசியாள் வீதிக்குச் செல்லலாம். அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

மாலையில், வாக்களித்தபடியே தலைமைச் செயலகத்துக்கு எதிரே சென்றேன். அங்கே 2018இல் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைக்கப்பட்ட பின் மணல் சேரத் தொடங்கியிருக்கிறது. காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பகல் வெயிலின் சூடு மணலில் இன்னும் ஆறவில்லை. காலையில் சந்தித்த முதியவர் அங்கே இல்லை; ஆனால் கரையில் இரண்டு சிறுவர்கள் கை கால்களை நீட்டி மல்லாந்து படுத்திருந்தார்கள்.