டிரெய்லர் ரன்னிங் லைட்: நிற்கும்போது எரிகிறது, ஓட ஆரம்பித்தால் ஃபியூஸ் போகிறது

டெட்ராய்ட்_மேற்கு:

எல்லாருக்கும் வணக்கம். 2008 மாடல் டிராவல் டிரெய்லர் (உள்ளே தங்கும் வசதி கொண்டது) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். 24 அடி, இரட்டை ஆக்ஸில், 7-பின் பிளக். இழுப்பது எங்கள் பிக்கப் டிரக். குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்து இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறேன்.

பிளக்கை மாட்டி ஹெட்லைட் போட்டால் எல்லாமே எரிகிறது. பின்னால் இரண்டு டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், கூரை ஓரத்தில் முன்பக்கம் மஞ்சள், பின்பக்கம் சிவப்பு என்று ஒன்று விடாமல். ரன்னிங் லைட் என்று நான் சொல்வது இவற்றைத்தான். தெருவைத் தாண்டி மேடு பள்ளத்தில் கொஞ்ச தூரம் போனதும் அத்தனையும் ஒரேயடியாக அணைந்துவிடுகிறது. டிரக்கின் பானட்டுக்குள் டிரெய்லர் பார்க் லைட்டுக்கு என்று இருக்கும் 15 ஆம்ப் ஃபியூஸ் போயிருக்கிறது. மாற்றினால் மறுபடி அதே கதை. பிரேக் லைட், இண்டிகேட்டர், எலெக்ட்ரிக் பிரேக், உள்ளே இருக்கும் விளக்குகள் எதிலும் குறையில்லை. நண்பரின் டிரக்கில் மாட்டிப் பார்த்தோம், அதிலும் ஃபியூஸ் போனது. அதனால் கோளாறு டிரெய்லரில்தான் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு குழப்பம். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை ஓமில் வைத்து ரன்னிங் லைட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பார்த்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்டுகிறது. அப்படியென்றால் நிற்கும்போதே ஷார்ட்தானா? அப்புறம், முன்னால் உள்ள, வயர்கள் சேரும் ஜங்ஷன் பெட்டியைத் திறந்தால் பிளக்கிலிருந்து வரும் பிரவுன் வயரை டிரெய்லரின் பச்சை வயரோடு சேர்த்திருக்கிறார்கள். பழைய ஓனர் மாற்றி இணைத்துவிட்டாரா?

கடையில் கேட்டால் மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும், செலவை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்கிறார்கள். தெரிந்த ஒருவர் 25 ஆம்ப் ஃபியூஸ் போட்டுப் பாருங்கள் என்றார். மே மாதக் கடைசியில் மெமோரியல் டே விடுமுறை வாரத்தில் குழந்தைகளோடு மிச்சிகனின் வடபகுதியான அப்பர் பெனின்சுலா போகத் திட்டம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

வார_இறுதி:

முதலில் கிரவுண்டைப் பாருங்கள். என் டிரெய்லரில் இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மங்கி மங்கி எரியும். வெள்ளை வயர் ஃபிரேமோடு சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டியதும் சரியாகிவிட்டது.

ஹார்னஸ்காரர்:

நண்பரே, நான் வண்டிகளுக்கு வயரிங் ஹார்னஸ் செய்யும் தொழிலில் இருப்பவன். இந்த மாதிரி கோளாறு நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் விஷயம், தயவுசெய்து 25 ஆம்ப் போடாதீர்கள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. டிரெய்லரில் ரன்னிங் லைட் வயர் பெரும்பாலும் மெல்லியது, அதுவும் மரச் சட்டத்துக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவில் ஓடுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸ் தாங்கும், வயர் சிவந்துவிடும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் உங்கள் குழந்தைகள் தூங்கப் போகிறார்கள். உங்கள் டிரெய்லரில் நியாயமாக எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். கூரை ஓரத்து மார்க்கர் விளக்கில் இருக்கும் '194' என்ற எண் பல்பு ஒவ்வொன்றும் சுமார் 0.27 ஆம்ப். டெயில் லைட்டின் '1157' என்ற எண் பல்பில் சின்ன ஃபிலமென்ட் சுமார் 0.59 ஆம்ப். பத்து மார்க்கர், இரண்டு டெயில், ஒரு நம்பர் பிளேட் லைட் என்று வைத்தாலும் 4 ஆம்பைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 15 ஆம்ப் ஃபியூஸ் போகிறது என்றால் வயர் எங்கேயோ இரும்பைத் தொடுகிறது.

அதனால்தான் வார_இறுதி சொன்ன கிரவுண்ட் இங்கே முதல் சந்தேகம் இல்லை. கிரவுண்ட் கெட்டால் விளக்கு மங்கும், ஒன்று போட்டால் இன்னொன்று துடிக்கும், டெயில் லைட் எரியாமலும் போகும். ஆனால் ஃபியூஸ் போகாது. இணைப்பு விட்டுப்போவதும் தவறான இடத்தைத் தொடுவதும் வேறு வேறு நோய். எல்லா இணையப் பக்கங்களிலும் "கிரவுண்டைப் பார்" என்றே எழுதியிருப்பதால் பலர் நாள் முழுக்க போல்ட்டைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும்.

ஓம் மீட்டர் காட்டியதை நம்ப வேண்டாம். பல்பு ஃபிலமென்ட் குளிர்ந்து இருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ், எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இத்தனை பல்பு பேரலலாக இணைந்திருந்தால் நல்ல சர்க்யூட்டே ஒரு ஓமுக்குக் கீழேதான் காட்டும்.

பிரவுனும் பச்சையும் சேர்ந்திருப்பது சரியாகத்தான் இருக்கும். ஆர்.வி. (உங்களுடையது போன்ற தங்கும் வண்டி) கம்பெனிகள் பின்பற்றும் நிற முறையில் பச்சைதான் ரன்னிங் லைட், பிரவுன் வலது இண்டிகேட்டர். படகு டிரெய்லர், சாமான் டிரெய்லர் பக்கம் நேர்மாறு: பிரவுன் ரன்னிங், பச்சை வலது, மஞ்சள் இடது. உங்கள் பழைய ஓனர் கடையில் கிடைக்கும் வார்ப்பு பிளக்கோடு கூடிய புதுக் கேபிள் வாங்கி மாட்டியிருப்பார், அதில் இரண்டாவது முறை நிறம் இருந்திருக்கும். அதனால் நிறத்தைப் பார்த்து எதையும் பிரிக்காதீர்கள். எந்த வயரில் கரண்ட் வந்தால் எந்த விளக்கு எரிகிறது என்பதைப் பார்த்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். சில பிளக்குகளில் பின் பக்கத்திலேயே டி.எம்., ஜி.டி., எல்.டி., ஆர்.டி. என்று அச்சிட்டிருக்கும். டி.எம். என்பதுதான் ரன்னிங் லைட்.

இனி தேடும் முறை. டிரக்கை விட்டுவிடுங்கள், அது தேவையில்லை. டிரெய்லர் பேட்டரியே போதும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஒன்று, அதற்கான சாக்கெட், 10 ஆம்ப் ஃபியூஸோடு கொஞ்சம் வயர். ஜங்ஷன் பெட்டியில் அந்த பிரவுன்-பச்சை இணைப்பைப் பிரியுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து ஹாலஜன் பல்பு, பல்பின் மறுமுனையை டிரெய்லருக்குள் போகும் பச்சை வயரில் கொடுங்கள். இந்தப் பல்பு வாயிற்காவலன் மாதிரி, நாலரை ஆம்புக்கு மேல் உள்ளே விடாது. ஷார்ட் இருந்தாலும் ஃபியூஸ் போகாது, நீங்கள் நிதானமாகத் தேடலாம்.

இப்போது பல்பும் மார்க்கர் விளக்குகளும் இரண்டுமே மங்கலாக எரிந்தால் அந்த நேரத்தில் ஷார்ட் இல்லை என்று அர்த்தம். ஹெட்லைட் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மார்க்கர் எல்லாம் அணைந்தால் ஷார்ட். சின்ன பல்பு போட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் 55 வாட் சொல்கிறேன். சூடு அதிகம் ஆகும். புல்லிலோ பிளாஸ்டிக்கிலோ வைக்காதீர்கள்.

உங்களுடையது ஆடினால் மட்டும் வரும் கோளாறு. ஒருவர் பல்பைப் பார்க்கட்டும், இன்னொருவர் டிரெய்லரைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்டட்டும். பிறகு ஒவ்வொரு விளக்கையும் உள்ளங்கையால் தட்டுங்கள். அடியில் வயர் போகும் வழியெல்லாம் பிடித்து அசைத்துப் பாருங்கள். பல்பு பளிச்சென்று ஆகும் இடம்தான் நாம் தேடுவது. ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் துளைக்குள் நுழையும் இடம், ஆக்ஸிலுக்கு மேலே ஸ்பிரிங் தொங்கும் பகுதி, மூலை விளக்குகளுக்குப் பின்னால் ஸ்க்ரூ வயரைக் குத்தும் இடம், நம்பர் பிளேட் லைட் ஆகிய நான்கும் என் அனுபவத்தில் அதிகம் மாட்டுபவை. பச்சைப் பக்கத்தில் எதுவும் கிடைக்கவில்லையென்றால் பல்பின் முனையை பிரவுன் வயரில் கொடுத்து, பிளக் கேபிளை வளைத்து ஆட்டுங்கள். டிரக்கில் மாட்டாத கேபிளில் பல்பு எரியவே கூடாது.

ஸ்காபரோ_வாசி:

தம்பி, அண்ணர் சொன்னதெல்லாம் சரி. நான் ஒண்டு மட்டும் சேர்க்கிறன். குளிர்காலம் முழுக்க நிண்ட டிரெய்லர் எண்டால் எலியையும் நினைச்சுக்கொள்ளுங்கோ. இங்க ஒன்டாரியோவில எங்கட டிரெய்லரின்ர அடித்தகட்டுக்குள்ள எலி கூடு கட்டி, வயரின்ர உறையைக் கொறிச்சு வச்சிருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் தகடு தொய்ஞ்சு கிடக்கிற இடத்தைத் தட்டிப் பாருங்கோ, பஞ்சு மாதிரி ஏதும் விழுந்தால் அந்த இடத்தைத் திறவுங்கோ. திறக்கேக்க முகமூடியும் கையுறையும் போடுங்கோ, எலிப் புழுக்கைத் தூசு மூச்சுக்கு நல்லதில்லை.

மேல் விளக்குகளின்ர மூடியையும் கழட்டுங்கோ. உள்ளே பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தால் மழைத்தண்ணி இறங்குது. விளக்கை மாத்தினாலும் பின்னால பியூட்டைல் டேப் (தண்ணியைத் தடுக்கிற ஒட்டு ரப்பர்) வைக்காட்டி அந்தத் தண்ணி சுவருக்குள்ள போகும்.

டெட்ராய்ட்_மேற்கு:

அண்ணா, கிடைத்துவிட்டது! சனிக்கிழமை மனைவி பல்பைப் பார்க்க நான் அடியில் படுத்தேன். நிற்கும்போது நீங்கள் சொன்ன மாதிரி எல்லாமே மங்கல். மேல் விளக்குகளைத் தட்டினேன், மாற்றமில்லை. வலது பக்கம் பின் ஆக்ஸிலுக்கு மேலே வயர்க் கட்டைப் பிடித்து இழுத்ததும் "எரியுது எரியுது" என்று சத்தம் போட்டாள். குறுக்குச் சட்டத்துத் துளையின் விளிம்பில் உரசி, பச்சை வயரின் உறை அரை அங்குல நீளத்துக்குப் போயிருக்கிறது. செம்பு கறுத்திருக்கிறது, சில இழைகள் அறுந்தும் இருக்கின்றன. பக்கத்தில் போகும் சிவப்பு வயரிலும் லேசாகக் கீறல்.

டேப் சுற்றினால் போதுமா? ஸ்காபரோ அண்ணாவுக்கும் நன்றி, எலி இல்லை. ஆனால் பின்பக்க விளக்கு ஒன்றில் பாசி இருந்தது.

ஹார்னஸ்காரர்:

மிகவும் சந்தோஷம். வீட்டு அம்மாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

டேப் போதாது. அடியில் தண்ணீரும் ரோட்டு உப்பும் அடிக்கும் இடம், மிச்சிகனில் கேட்கவே வேண்டாம். கறுத்த செம்பை விட்டுவைத்தால் உப்புநீர் உறைக்குள் ஊர்ந்து இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை இரண்டு முனையையும் வெட்டுங்கள். நீளம் பற்றாது, அதே தடிமனிலோ ஒரு படி தடிமனாகவோ ஒரு துண்டு வயர் நடுவில் சேருங்கள். உள்ளே பசை தடவிய ஹீட்-ஷ்ரிங்க் கிரிம்ப் இணைப்புகள் (அழுத்தி மாட்டுவது, சூடு பட்டால் உறை சுருங்கும்) வாங்குங்கள். அழுத்திய பிறகு இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. பிறகு சூடு காட்டினால் ஓரத்தில் பசை லேசாகப் பிதுங்கும், அப்போதுதான் தண்ணீர் போகாது. வயர் மேல் வைத்து அழுத்தினால் உறையைக் குத்திக்கொண்டு பிடிக்கும் நீல நிற கிளிப் இணைப்புகள் வேண்டாம். காருக்குள் இருக்கலாம், டிரெய்லர் அடியில் அவை உப்பைக் குடித்துப் பச்சையாகிவிடும்.

சிவப்பு வயரில் செம்பு தெரியவில்லையென்றால் ஹீட்-ஷ்ரிங்க் டேப் சுற்றலாம். தெரிந்தால் அதையும் வெட்டி இணையுங்கள். அது இடது பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும்.

முக்கியமானது துளை. விளிம்பை அரத்தால் தேய்த்து, பெயின்ட் தொட்டு, ரப்பர் வளையம் போடுங்கள். வயர்க் கட்டின் மேல் பிளவுக் குழாய் (நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய்) மாட்டி, துளைக்கு இரு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வயர் அங்கே அசையவே கூடாது. கிளாம்ப் இல்லாமல் பிளாஸ்டிக் பட்டையை மட்டும் சும்மா கட்டிவிட்டு வந்தால் அடுத்த வருடம் பக்கத்து இடத்தில் உரசும். எதிர்ப் பக்கத்திலும் அதே மாதிரி துளை இருக்கும், அதையும் பாருங்கள்.

அடியில் படுத்திருக்கும்போதே அந்த கிரவுண்ட் போல்ட்டையும் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். இப்போது வார_இறுதி சொன்னதற்கு நேரம் வந்துவிட்டது.

வார_இறுதி:

அண்ணா, இதையொட்டி ஒரு கேள்வி. எல்லாவற்றையும் எல்.இ.டி.க்கு மாற்றினால் இந்தத் தொல்லை குறையுமா?

ஹார்னஸ்காரர்:

ஷார்ட் ஆகும் வயருக்கு எல்.இ.டி. மருந்து இல்லை. ஆனால் மாற்றுவது நல்லதுதான். கரண்ட் பெரிய அளவில் குறைகிறது, அதனால் நீளமான வயரில் பின் விளக்கு மங்குவது நிற்கும். பழைய சாக்கெட்டில் எல்.இ.டி. பல்பு மட்டும் செருகுவதை நான் விரும்புவதில்லை, துருப்பிடித்த சாக்கெட் அப்படியேதான் இருக்கும். மூடி முத்திரையிட்ட முழு விளக்காக மாற்றுங்கள். டெட்ராய்ட்_மேற்கு, பாசி பிடித்த அந்த ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கலாம். பின்னால் கூரையில் நடுவில் சேர்ந்தாற்போல் இருக்கும் மூன்று சிவப்பு விளக்குகளை அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள டிரெய்லருக்கு அவை கட்டாயம். இருட்டில் பின்னால் வருபவருக்கு இது அகலமான வண்டி என்று சொல்வது அவைதான். ஒன்று கவனிக்க வேண்டும்: சில புது டிரக்குகள் கரண்ட் ஓடுவதை வைத்துத்தான் டிரெய்லர் மாட்டியிருக்கிறது என்று கண்டுகொள்கின்றன. எல்லாம் எல்.இ.டி. ஆனால் அவற்றில் எச்சரிக்கை விளக்கு வரலாம். டிரக் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டெட்ராய்ட்_மேற்கு, வேலை முடிந்ததும் அதே மேடு பள்ளத் தெருவில் ஹெட்லைட் போட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். அப்பர் பெனின்சுலாவுக்குக் கிளம்பும் நாளில், அங்கே போகக் கடக்க வேண்டிய மேக்கினா பாலத்துக்கு முன்பே ஓரிடத்தில் நிறுத்தி, இறங்கிச் சுற்றிப் பாருங்கள். பாலம் 5 மைல் நீளம், நடுவில் நிறுத்த முடியாது. காற்று பலமாக இருந்தால் டிரெய்லர்களைத் துணை வண்டியோடுதான் அனுப்புவார்கள், அதற்கும் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.