மறு: அப்டேட், அப்கிரேடு, ரினியூ எல்லாமே ‘புதுப்பி’யா?

வணக்கம்.

அப்டேட், அப்கிரேடு, ரினியூ மூன்றுக்கும் ‘புதுப்பி’ என்றே போடலாமா, தனித்தனிச் சொல் வேண்டுமா என்று நம் மடற்குழுவில் தொடங்கிய இழை ஒரு வாரமாக இலக்கணத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் திரைக்குக் கொண்டுவரலாம் என்று இந்த மடல். இலக்கணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அப்கிரேடுக்கு நாம் தேடும் சொல் போய் உட்காரப்போவது குறிப்பெடுக்கும் செயலி ஒன்றின் பொத்தானில், அதுவும் குறிப்புகள் திறக்காமல் ஒருவர் பதறிக்கொண்டிருக்கும் நேரத்தில். அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

ஜோப்ளின் என்ற குறிப்பெடுக்கும் செயலியை எடுத்துக்கொள்கிறேன், கட்டற்ற மென்பொருள், அதாவது மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், அதன் மொழிபெயர்ப்பு சாதாரண பிஓ கோப்புதான் (மூல வரியும் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து இருக்கும் உரைக்கோப்பு), போஎடிட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியில் திறந்து யாரும் பார்க்கலாம். அதில் ஒரு பிழைச்செய்தி. புதிய பதிப்பை நிறுவி ஒருமுறை திறந்தாலே போதும், உள்ளே இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் அமைப்பைச் சில வேளை அது தன் தேவைக்கு மாற்றி எழுதிவிடும். அப்புறம் ஏதோ பிடிக்கவில்லை என்று பழைய பதிப்பை மறுபடி நிறுவினால் அது திறக்க மறுக்கும். அப்போது வருகிற செய்தியின் சாரம் இதுதான்: புரொஃபைலின் (குறிப்புகளும் அமைவுகளும் இருக்கும் கோப்புறை) வெர்ஷன் தெரியவில்லை, அநேகமாக இது பழைய ஜோப்ளின், புரொஃபைல் புதியதில் உருவானது, ஜோப்ளினை அப்கிரேடு செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இதை நம் வழக்கமான சொற்பட்டியலை வைத்து மாற்றினால் ‘அறியப்படாத சுயவிவரப் பதிப்பு, தயவுசெய்து மேம்படுத்தவும்’ என்று வரும். யாருடைய சுயவிவரம்? நம் ஊரில் சுயவிவரம் என்றால் வேலைக்கு அனுப்புகிற பயோடேட்டா. எதை மேம்படுத்துவது, அதையா? தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் படித்துவிட்டு அடுத்து என்ன செய்வார் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

இனி வந்திருக்கும் யோசனைகளுக்கு.

> பதிப்பேற்றம் என்று வைத்துவிடலாம். பதிவேற்றம், பதிவிறக்கம் ஏற்கெனவே பழகிய வார்ப்பு. டவுன்கிரேடுக்குப் பதிப்பிறக்கம் தானாகக் கிடைத்துவிடுகிறது.

ஐயா, வார்ப்பு அழகாகத்தான் இருக்கிறது, காகிதத்தில். ஆனால் இதே செயலியில் ஒத்திசைவு இருக்கிறது, அதாவது நம் குறிப்புகளைக் கிளவுடுக்கோ வேறு வழங்கிக்கோ (சர்வர்) பதிவேற்றுகிற வேலை. ஒரே சாளரத்தில் மேலே ‘பதிவேற்று’, கீழே ‘பதிப்பேற்று’ என்று இருந்தால் சின்ன எழுத்தில் எத்தனை பேர் பிரித்துப் படிப்பார்கள்? தொலைபேசியில் அம்மாவுக்கு வழி சொல்லிப் பாருங்கள், ‘பதிப்பேற்று அழுத்தும்மா, பதிவேற்று இல்ல’ என்று. திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவர்களுக்கு இன்னும் சிரமம். அதைவிட, ஒன்றை அழுத்தினால் தரவு மேலே போய்ச் சேரும், இன்னொன்றை அழுத்தினால் தரவின் அமைப்பே மாறும், எளிதில் திரும்பி வர முடியாது. இவ்வளவு தூரம் விலகிய இரண்டு செயல்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சொல் வைப்பது ஆபத்து.

> மேம்படுத்து போதுமே. கைபேசியில் எல்லாரும் பார்த்துப் பழகியதுதானே?

பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றுகிறது. மேம்படுத்து என்பதை இப்போது அதிகம் பார்ப்பது ‘காசு கட்டு’ என்கிற இடத்தில். எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்பு, 1 குறிப்பேடு என்று வரம்பு வைத்தது. அந்த வரம்பில் முட்டியவர் கட்டணத் திட்டத்துக்குப் போவதையும் ஆங்கிலத்தில் அப்கிரேடு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே மென்பொருள் எதுவும் மேம்படுவதில்லை, அதே செயலி, அதே பதிப்பு, பூட்டு மட்டும் திறக்கிறது. இது விற்பனையாளர் மொழி. நாம் எதற்கு அவருக்காக ‘மேம்பாடு’ என்று நற்சான்றிதழ் கொடுக்கவேண்டும்? ‘கட்டணத் திட்டத்துக்கு மாறு’ என்று உள்ளதை உள்ளபடி போடலாம். கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

பதிப்பு மாறுவதற்கும் மேம்படுத்து சரிவராது. புதிய பதிப்பு மேலானது என்று யார் சொன்னது? பழகிய வசதியைத் தூக்கிவிட்டு வருகிற பதிப்புகளை எத்தனை பார்த்துவிட்டோம். செயலியின் பொத்தான் அந்தத் தீர்ப்பைச் சொல்லக்கூடாது, எண் உயர்ந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.

ஆகவே அப்கிரேடுக்கு என் பரிந்துரை: பதிப்புயர்வு. வினையாக வரும்போது பதிப்புயர்த்து. பதவி உயர்வு, ஊதிய உயர்வு, விலை உயர்வு என்று உயர்வு ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது, அதில் விலை உயர்வும் இருப்பதால் உயர்ந்ததெல்லாம் நல்லதுதான் என்று யாரும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை. டவுன்கிரேடுக்குத் தனிச்சொல் வேண்டாம், ‘பழைய பதிப்புக்குத் திரும்பு’ என்றாலே போதும். எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் ஒற்றைச் சொல்லாக ஒரு ஜோடி இருந்தே ஆகவேண்டும் என்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறோம் என்று தெரியவில்லை.

இந்தச் சொல் தாங்குமா என்று ஜோப்ளினிலேயே ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்தேன். ஒத்திசைவு இலக்கு, அதாவது எல்லாக் கருவிகளும் வந்து சேர்கிற அந்தப் பொதுக் கிடங்கு, அதற்கும் தனியாக ஒரு பதிப்பு எண் உண்டு. சில வெளியீடுகளில் ‘ஒத்திசைக்கும் முன் இலக்கை அப்கிரேடு செய்யவேண்டும், சில நிமிடம் ஆகலாம், செயலியை மறுபடி தொடங்கவேண்டும்’ என்று கேட்டது. அதை ஒரு கணினியில் ஒப்புக்கொண்டு முடித்துவிட்டால் பழைய ஜோப்ளின் இருக்கும் மற்ற கருவிகள் ஒத்திசைக்க மாட்டா, ‘இலக்கின் பதிப்பு இந்தச் செயலி ஏற்கும் பதிப்பைவிடக் கூடுதல், செயலியை அப்கிரேடு செய்யுங்கள்’ என்று நின்றுவிடும். கவனியுங்கள், முதலில் உயர்வது தரவின் பதிப்பு, பிறகுதான் செயலியின் பதிப்பு. இரண்டுக்கும் ‘மேம்படுத்து’ என்று போட்டால் எது எதுவென்றே தெரியாது. ‘இலக்கைப் பதிப்புயர்த்து’, ‘செயலியைப் பதிப்புயர்த்து’ என்றால் அங்கும் ஒரு பதிப்பு எண், இங்கும் ஒரு பதிப்பு எண், இரண்டும் பொருந்தவேண்டும் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. சொல் முதலில் நாக்கில் கொஞ்சம் இடறும், ஒத்துக்கொள்கிறேன்.

அப்டேட்டுக்கு ‘இற்றை’. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தமிழ் விக்கிப்பீடியாவில் இற்றைப்படுத்தல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, புறநானூற்றில் ‘இற்றைத் திங்கள்’ வந்த இடத்திலிருந்து வந்த சொல், இற்றை என்றால் இன்றைய. ‘கயிறு இற்றுப்போச்சு’ ஞாபகம் வருகிறது என்று கிண்டல் செய்த தோழருக்கு: சில இற்றைகளுக்குப் பிறகு செயலி அப்படித்தான் ஆகிறது, பொருத்தம்தான். சின்னத் திருத்தம், பாதுகாப்பு ஓட்டை அடைப்பு என்றால் இற்றை. தரவு அமைப்பு மாறும், அல்லது உரிமம் மாறும் என்றால் பதிப்புயர்வு. இந்தக் கோட்டை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

உரிமம் மாறுமா என்று கேட்பீர்கள். மாறும். இதே ஜோப்ளின், அதிகம் நிபந்தனை இல்லாத எம்ஐடி உரிமத்தில் இருந்து, கூடுதல் நிபந்தனை உள்ள ஏஜிபிஎல் உரிமத்துக்குப் பிற்பாடு மாறியது. எம்ஐடியில் வந்த பழைய பதிப்பு எம்ஐடியாகவே இருக்கும், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது, ஆனால் புதிய பதிப்பை எடுத்து மாற்றி வெளியிடுபவர், அதை வலை வழியாகப் பிறருக்குச் சேவையாகத் தருபவர், தன் மாற்றங்களின் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். வீட்டுக் கணினியில் மளிகைப் பட்டியல் எழுதுகிறவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. இன்னொரு குறிப்புச் செயலியான அப்சிடியன் வேறு ஜாதி, மூல நிரல் திறக்காத தனியுடைமை மென்பொருள். அலுவலகப் பயன்பாட்டுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 50 டாலர் உரிமம் வாங்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள், 2025 பிப்ரவரியில் அதை விருப்பம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தளர்த்திவிட்டார்கள். இலவசமாகிவிட்டது, ஆனாலும் கட்டற்றது ஆகவில்லை. இந்த வேறுபாடு தெரிவதற்காகத்தான் கட்டற்ற மென்பொருளை ‘இலவச மென்பொருள்’ என்று எழுதாதீர்கள் என்று சிலர் இங்கே ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, ‘புதுப்பி’? அதை ரினியூவுக்கு மட்டும் விட்டுவிடுவோம். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கணும், பாலிசி புதுப்பிக்கணும் என்று மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள், ஆர்டிஓ அலுவலக வாசலில் விண்ணப்பம் எழுதித் தருபவரைக் கேட்டால்கூட இதைத்தான் சொல்வார். உரிமம் புதுப்பிப்பு, சந்தா புதுப்பிப்பு. சப்ஸ்கிரிப்ஷனுக்குச் சந்தாவைத் தவிர வேறு எதையும் தேடவேண்டாம், ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா என்று பத்திரிகைக்காரர்கள் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டிரபுள்ஷூட்டிங் பற்றி ஒரே ஒரு பத்தி, தனி இழையே போடலாம் அதற்கு. பிழைநீக்கம் வேண்டாம், அது நிரலாளர் வேலை, பயனர் எதையும் நீக்குவதில்லை, எங்கே கோளாறு என்று பார்க்கிறார், அவ்வளவே. பழுது பார்த்தல், வைத்தியம் பார்த்தல், கணக்குப் பார்த்தல் என்றெல்லாம் இருக்கும்போது ‘கோளாறு பார்த்தல்’ என்று வைத்தால் என்ன? உதவி பட்டியின் கீழ் அந்தப் பெயர் நன்றாகவே உட்காருகிறது. அதோடு சேஃப் மோடை ‘பாதுகாப்பு முறை’ என்று மாற்றுவதையும் நிறுத்தவேண்டும். ஜோப்ளினில் அது செய்வது நீட்சிகளை (பிளகின்) அணைத்துவிட்டு எளிய திருத்தியோடு திறப்பது, குற்றவாளி நீட்சியா செயலியா என்று பிரித்தறிய. ‘பாதுகாப்பு’ என்றதும் கடவுச்சொல் விவகாரம் என்று நினைப்பார்கள். அப்சிடியன்காரர்களே தங்கள் சேஃப் மோடின் பெயரைப் பின்னர் ரெஸ்ட்ரிக்டட் மோடு என்று மாற்றிக்கொண்டார்கள். ‘நீட்சிகள் இல்லாமல் திற’ என்று போட்டுவிட்டால் விளக்கமே தேவைப்படாது.

மேலே சொன்ன பிழைச்செய்திக்கு என் வரைவு இது:

“உங்கள் குறிப்புகள் இதைவிடப் புதிய ஜோப்ளினில் திறக்கப்பட்டவை. இந்தப் பழைய பதிப்பால் அவற்றைப் படிக்க முடியவில்லை. ஜோப்ளினைப் பதிப்புயர்த்திவிட்டு மறுபடி திறக்கவும்.”

‘குறிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒரு வரி சேர்க்க ஆசைதான், ஆனால் மூலத்தில் இல்லாத உறுதிமொழியை மொழிபெயர்ப்பாளர் கொடுக்கக்கூடாது. புரொஃபைல் இதில் வரவே இல்லை, கவனித்திருப்பீர்கள். பட்டியில் வரும் இடத்தில் மட்டும் ‘தரவு அடைவைத் திற’ என்று வைக்கலாம், விண்டோசிலும் அது பயனர் கோப்புறைக்குள் ஜோப்ளின்-டெஸ்க்டாப் என்ற பெயரில் இருக்கும் வெறும் கோப்புறைதான். பதிப்புயர்த்தும் முன் செயலியை மூடிவிட்டு அதை அப்படியே வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி உதவிப் பக்கத்திலும் எழுதவேண்டும், பழைய பதிப்புக்குத் திரும்பவேண்டி வந்தால் அது கைகொடுக்கும்.

வரைவில் ‘பதிப்புயர்த்திவிட்டு’ என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறேன். ‘பதிப்பு உயர்த்தி’ என்று பிரித்தால் படிக்க எளிது, ஆனால் தேடலில் இரண்டாக உடையும், சொற்பட்டியலில் ஒன்றாகவும் நிற்காது. பிரிக்கவேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். ‘பதிப்பேற்றம்’ கட்சிக்காரர்கள் மறுபடி வருவதாக இருந்தால், அந்த இரண்டு பொத்தான்களையும் ஒரே சாளரத்தில் வைத்துத் திரைப்பிடிப்பு ஒன்று அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம்.

அன்புடன்