கதிர்காமப் பாதயாத்திரை: உகந்தையிலிருந்து காட்டுப்பாதை மட்டும் நடக்கலாமா?

சாம்பல்தீவுத் தம்பி:
யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வேலோடு நடந்துவரும் சாமிமார் திருகோணமலையைக் கடக்கும்போதெல்லாம் அம்மா மோர் வார்த்துக் கொடுப்பார். இந்த வருடம் தானும் கதிர்காமத்துக்கு நடக்கவேண்டும் என்கிறார். வயது 58. எனக்கு ஒன்பது நாள்தான் லீவு. உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமம் வரையுள்ள காட்டை மட்டும் நடக்க அது போதுமா? என்னென்ன கொண்டுபோகவேண்டும்?

உவர்மலை அக்கா:
போதும் தம்பி. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் காட்டுக்குள் ஐந்து இரவு. முதல் தடவை பிழை விட்டது பொதியில்தான். அரிசி, பருப்பு, இரண்டு பானை என்று 14 கிலோ! குமுக்கன் ஆறு கடந்து நாவலடிக்குப் போகும்போது காலடியில் சுடுமணல். ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னுக்கு இழுத்தது. பை வார் அறுத்துத் தோளில் தோல் உரிந்துவிட்டது. பின்னால் வந்த மட்டக்களப்பு அம்மா ஒருவர், ஒன்றும் கேட்காமல் என் அரிசிப்பையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்றிரவு அந்த அரிசியில்தான் பத்துப் பேரும் கஞ்சி குடித்தோம்.

அடுத்த தடவை அவல், சத்துமா, பனங்கட்டி, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சர்க்கரைத் தூள்), ஒரு தறப்பாள், ஒரு போர்வை, டோர்ச். எல்லாம் சேர்த்து 6 கிலோ. தண்ணீர் மட்டும் ஆளுக்கு மூன்று லீற்றர் தனியாக. வழியில் தண்ணீர்த் தாங்கி இருக்கும் என்று நம்பிப் போத்தலைக் காலியாக்காதீர்கள். புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம், பழகிய செருப்புப் போதும்.

நிலாவெளி:
பாதை வருடம் முழுக்கத் திறந்திருக்காது. ஆடிவேல் விழாவை ஒட்டிச் சில நாள்தான். திகதி மாறும், அறிவிப்பைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். அடையாள அட்டை மறக்கவேண்டாம். மட்டக்களப்பு, பொத்துவில், பாணமை என்று பஸ் மாறி உகந்தைக்குப் போக ஒரு முழு நாள் வையுங்கள்.

சாம்பல்தீவுத் தம்பி:
நன்றி. கரடிக்குத்தான் அம்மா பயப்படுகிறார்.

உவர்மலை அக்கா:
பயம் நியாயம்தான். பாதை திறக்கும் நேரம் பாலைப்பழக் காலம், பழத்துக்குக் கரடி மரத்திலேயே ஏறி இருக்கும். பாலை மரத்தடியில் படுக்கவேண்டாம், கூட்டத்தை விட்டுத் தனியே ஒதுங்கவும் வேண்டாம். இரவில் வெளியே போவதென்றால் இரண்டு பேராகப் போங்கள், டோர்ச்சோடு. அப்புறம், அம்மாவை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். இளம் ஆட்கள் முன்னால் போனால் அவர் உங்களை எட்டிப்பிடிக்கவென்று தண்ணீர் குடிக்கக்கூட நிற்கமாட்டார். என் அம்மா அப்படித்தான் இரண்டாம் நாளே மயங்கி விழுந்தார்.