இன்டர்வெல் ஓட்டம் + சப்ளிமென்ட்: மூன்றாவது சுற்றிலேயே கால் கனத்துப் போகிறது, உதவி தேவை

கோவை ஓட்டம்:
வணக்கம். வயது 34, எடை 68 கிலோ, சைவம். டிசம்பரில் ஹாஃப் மாரத்தான் (21 கி.மீ.), 2 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. வேலை முடிந்து மாலையில்தான் ஓட முடியும். வாரம் மூன்று நாள் இன்டர்வெல்: 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெது ஓட்டம், நான்கு சுற்று. அதற்கு முன்னால் ஆறு மணிவாக்கில் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் ஒரு ஸ்கூப். லேபிளில் காஃபீன் 300 மி.கி., பீட்டா-அலனைன் 3.2 கிராம். காலையில் விட்டமின் சி 1000 மி.கி., கூடவே விட்டமின் ஈ.

ஆரம்பத்தில் நல்ல முன்னேற்றம். இப்போது மூன்றாவது சுற்றில் வேகம் விழுகிறது, நான்காவதில் தொடை கல்லாகி விடுகிறது. பவுடர் குடித்ததும் முகமும் காதும் சுருசுருவென்று குத்துகின்றன. இரவில் தூக்கமும் சரியில்லை. பிராண்டை மாற்றவா? கிரியேட்டின் சேர்க்கலாமா?

பழைய தடகளம்:
தம்பி, பவுடரை அப்புறம் பார்ப்போம். ஒவ்வொரு சுற்றும் கிலோமீட்டருக்கு என்ன வேகம்?

கோவை ஓட்டம்:
அண்ணா, வாட்சில் இருப்பது: 4:40, 4:50, 5:15, 5:40.

பழைய தடகளம்:
பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது. 2 மணி நேர ஹாஃப் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5:41. அந்தத் தரத்தில் ஓடுபவருக்கு 4 நிமிடச் சுற்று 5:10 பக்கம் இருந்தால் போதும். நீங்கள் 4:40-இல் கிளம்பினால் முதல் சுற்றிலேயே தசையில் அமிலம் ஏறிவிடும், 3 நிமிட இடைவெளியில் அது முழுசாக இறங்காது. நான்கு சுற்றும் ஒரே வேகத்தில் வர வேண்டும். கடைசிச் சுற்று முடிந்ததும் இன்னொன்று ஓடலாம் போல இருந்தால் சரியான அளவு.

நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மில் இதே 4×4 முறையை வாரம் மூன்று நாள், 8 வாரம் செய்து பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். விஓ2 மேக்ஸ், அதாவது கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு, ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. ஆனால் அது இளம் வயதினரை வைத்துச் செய்தது. வேலைக்கும் போய், தூக்கமும் கெட்ட உங்களுக்கு வாரம் இரண்டு போதும். மூன்றாவது நாளை நீண்ட மெது ஓட்டத்துக்குக் கொடுங்கள். ஹாஃப் மாரத்தானுக்கு அதுதான் அடித்தளம்.

மருந்தாளுநர்:
சுருசுருப்பு பீட்டா-அலனைனால் வருவது, ஆபத்தில்லை. ஒரே மூச்சில் 3.2 கிராம் போனால் பலருக்கும் அப்படித்தான். தனியாக வாங்கி 800 மி.கி. வீதம் நாலு வேளை சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். ஓடும் நாளில் மட்டும் குடிப்பதில் பெரிய பயன் இல்லை. தினமும் எடுத்தால்தான் நாலு வாரத்துக்கு மேல் தசையில் கார்னோசின் சேரும், அதுதான் அமிலத்தைத் தாங்குகிறது. இறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கார்னோசின் பொதுவாகவே குறைவு. ஆனாலும் அது உதவுவது ஒன்று முதல் பத்து நிமிடம் வரையான கடும் ஓட்டத்துக்கு. இன்டர்வெல்லில் கொஞ்சம் கை கொடுக்கும். 21 கிலோமீட்டரில் அவ்வளவாக எதிர்பார்க்காதீர்கள்.

எனக்குக் கவலை தருவது காஃபீன். உடலில் பாதி குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு 300 என்றால் பதினொரு மணிக்கு இன்னும் 150 மி.கி. உள்ளே இருக்கும். தூக்கம் கெட்டால் தசை எப்போது தேறுவது? மாலைப் பயிற்சிக்குக் காஃபீன் வேண்டவே வேண்டாம். போட்டி காலையில்தானே, அன்று ஒரு மணி நேரம் முன்பு 200 மி.கி. எடுத்தால் உங்கள் எடைக்குப் போதும்.

விட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் நிறுத்துங்கள். 2014-இல் வந்த ஒரு நார்வே ஆய்வில் தினம் 1000 மி.கி. சி-யும் 235 மி.கி. ஈ-யும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் தசைச் செல்களில் வர வேண்டிய மாற்றம் மங்கியது. விஓ2 மேக்ஸ் கூடியது என்னவோ இரு தரப்பிலும் ஒரே மாதிரிதான். இருந்தாலும் காசு கொடுத்து அந்த மாற்றத்தைத் தடுப்பானேன்? நெல்லிக்காய், கொய்யா போதும்.

கிரியேட்டின் இப்போது தேவையில்லை. தசையில் நீர் சேர்ந்து எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். அதற்குப் பதில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். சைவமாக இருந்து ஓடுபவர்களுக்கு இரும்புச் சத்து குறைந்தாலும் இதே மாதிரிக் கால் கனக்கும். டெஸ்ட் பார்க்காமல் இரும்பு மாத்திரை மட்டும் போடாதீர்கள்.

கோவை ஓட்டம்:
மிக்க நன்றி. இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்க்கிறேன், பவுடரையும் நிறுத்துகிறேன். பீட்ரூட் ஜூஸ் நல்லது என்கிறார்களே, எப்போது குடிப்பது?

மருந்தாளுநர்:
ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. அதில் இருக்கும் நைட்ரேட்டை வாயில் உள்ள பாக்டீரியாதான் முதலில் மாற்றித் தருகிறது, அதனால் அன்று மவுத்வாஷ் கூடாது. சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர் என்றாலோ, பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றாலோ டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். போட்டி நாளில் முதல்முறையாகக் குடிக்க வேண்டாம்; இன்டர்வெல் நாளில் குடித்து வயிறு ஏற்கிறதா என்று முன்பே பாருங்கள்.