ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு நன்னாரி சர்பத், பதனி, கருப்பட்டிக் காப்பி: எவ்வளவு, எப்படி?

வண்ணாரப்பேட்டை வாசி:

அம்மாவுக்கு 52 வயசு. எடை குறையுறதுக்காக இரைப்பையைச் சுருக்குற ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு பத்து வாரம். எல்லாச் சாப்பாடும் கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. சுகர் உண்டு, மாத்திரையைக் குறைச்சிருக்காங்க. வெயில் ஏறினதும் நன்னாரி சர்பத், பதனி, ரோஸ்மில்க், பன்னீர் சோடான்னு ஒவ்வொண்ணா கேக்காங்க. காலையில கருப்பட்டிக் காப்பி இல்லாம அவங்களுக்கு விடியாது. மொத்தமா நிறுத்தச் சொல்ல மனசு வரல. எதை எப்படி இலேசாக்கலாம்? சீனிதான் கெடுதல், கருப்பட்டின்னா பரவாயில்லைன்னு சொந்தக்காரங்க சொல்லுதாங்க, சரியா? சீனிக்குப் பதிலா இனிப்பு மாத்திரை போடலாமா? அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

உணவியல் மேசை:

கருப்பட்டியில இருந்தே ஆரம்பிக்கிறேன். அதிகம் பேர் சறுக்குற இடம் அதுதான். கருப்பட்டியில முக்கால் பங்குக்கு மேல சுக்ரோஸ், அதாவது சீனியில இருக்கிற அதே சரக்கு. 10 கிராம் சீனியில 40 கலோரின்னா, 10 கிராம் கருப்பட்டியில 38 பக்கம் இருக்கும். தாது உப்பு கொஞ்சம் கூட இருக்கு, வாஸ்தவம்தான். ஆனா ஒரு டம்ளர் காப்பிக்குப் போடுற அளவுல அது கணக்குக்கு வராது. சுருக்கின இரைப்பைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு இனிப்புத் தண்ணி இரைப்பையில தங்காம மளமளன்னு சிறுகுடலுக்கு இறங்கிடும். அடர்த்தியா இறங்குற சர்க்கரை, ரத்தத்துல இருந்து தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும். குடிச்ச 10 முதல் 30 நிமிஷத்துல வயிறு முறுக்கு, படபடப்பு, வேர்வை, சில பேருக்குப் பேதி. இதைத்தான் டம்பிங்னு சொல்றாங்க. இதுல இன்னொரு வகை 1 முதல் 3 மணி நேரம் கழிச்சு வரும். இன்சுலின் தேவைக்கு மேல சுரந்து சர்க்கரை தடால்னு இறங்கி, கை நடுங்கும், கண் இருட்டும். இரைப்பை பைபாஸ் செஞ்சவங்களுக்கு இது அதிகம். ஸ்லீவ்ல குறைவுதான், ஆனா வராதுன்னு இல்ல. அம்மா சுகர் மாத்திரை வேற சாப்பிடுறதால வீட்ல குளுக்கோமீட்டர் அவசியம். நடுக்கம் வந்து 70-க்குக் கீழ காட்டினா 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. ஏறினதும் முட்டை, பால்னு ஏதாவது புரதம் கொடுக்கணும். டாக்டருக்கு அன்னைக்கே சொல்லிடுங்க, மாத்திரை அளவை மாத்த வேண்டியிருக்கும். விழுங்க முடியாத மயக்கம்னா வாயில எதையும் ஊத்தக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான்.

அடுத்தது குடிக்கிற விதம். நம்ம ஊர்ல செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊத்திக் குடிப்போம். அதுல காத்தும் உள்ள போகும், ஒரு மடக்குக்கு 40, 50 மில்லி இறங்கிடும். ரெண்டுமே இப்போ ஆகாது. ஸ்ட்ராவும் வேண்டாம். இருமல் சிரப் மூடியில 15 மில்லி எவ்வளவுன்னு ஒரு தடவை பாத்து வச்சுக்கோங்க, ஒரு மடக்கு அவ்வளவுதான். உதடு வச்சு, 150 மில்லியை அரை மணி நேரத்துக்குக் குறையாம குடிக்கணும். சாப்பாட்டோட எதுவும் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். மொத்தத் திரவம் நாளுக்கு ஒன்றரை முதல் ரெண்டு லிட்டர். அதுல பெரும்பகுதி வெறும் தண்ணியாவே இருக்கட்டும்.

கருப்பட்டிக் காப்பியை விட வேண்டியதில்ல. அதுல ஆளை இழுக்கிறது இனிப்பைவிட அந்தப் புகை கலந்த வாசம். வாசத்துக்கு 4 கிராம் போதும், சின்னக் கோலிக்குண்டு அளவுதான். 130 மில்லி தண்ணியில அரை ஸ்பூன் சுக்குத்தூள், ஒரு ஸ்பூன் மல்லித்தூள், ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டு மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க. கருப்பட்டியைத் தனியா ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல கரைச்சு வடிகட்டுங்க, அடியில மணல் நிக்கும். அடுப்பை அணைச்ச பிறகு கலந்து, இனிப்பு பத்தலைன்னா சுக்ரலோஸ்ங்கிற இனிப்பு மாத்திரையில பாதி போடுங்க. பால் சேர்க்கிறதா இருந்தா கருப்பட்டியோட சேத்துக் கொதிக்க விடாதீங்க, திரிஞ்சுடும். காப்பித்தூள் போட்டதுதான் வேணும்னா காபீனுக்கு டாக்டர் அனுமதி உண்டான்னு கேட்டுக்கோங்க, ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு அது ஒத்துக்காது. இன்னொண்ணு, சீனி கலந்த கருப்பட்டி சந்தையில நிறைய. அதுல வாசம் கம்மிங்கிறதால 4 கிராம் போட்டா ஒண்ணும் தெரியாது, கை தானா கூடப் போட்டுடும். உடன்குடிப் பக்கம் தெரிஞ்ச ஆள்கிட்ட வாங்குறது நல்லது.

சர்பத் கடை அண்ணாச்சி:

நன்னாரிக்கு நான் சொல்லுதேன் தம்பி. கடையில ஊத்துத சிரப் கெட்டுப்போவாம நிக்கதே சீனியாலதான், நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு கரைஞ்ச சீனி இருக்கும். ஒரு கிளாஸுக்கு 40 மில்லி ஊத்துனா 30 கிராமுக்கு மேல போயிரும். அதைப் பாதியாக் குறைச்சாலும் அம்மாவுக்கு ஆவாது. சீனியில்லாத நன்னாரித் தண்ணியை வீட்டுலயே எடுத்துக்கிடுங்க.

டவுன்ல நாட்டு மருந்துக் கடையில வேர் கிடைக்கும். 25 கிராம் எடுத்து மண்ணு போகக் கழுவி, அம்மியிலயோ உரல்லயோ லேசா நச்சுங்க. நடுவுல இருக்க வெள்ளைக் கட்டைய உருவித் தூரப் போட்டுருங்க, வாசம் பூரா மேல்தோல்லதான். அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு இறக்கி, அதுல இந்தத் தோலைப் போட்டு மூடி ராத்திரி பூரா வைங்க. வேரையும் சேத்துக் கொதிக்க விடுதவங்க உண்டு. வாசம் ஆவியோட போயி கசப்புதான் மிஞ்சும். காலையில துணியில வடிகட்டி ஃபிரிட்ஜ்ல வச்சா நாலு நாள் தாங்கும், அதுக்கு மேல பூசணம் பூத்துரும். அதனால ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வச்சுக்கிடுங்க, தேவைக்கு ஒண்ணு ரெண்டு எடுத்துக்கிடலாம்.

ஒரு கிளாஸுக்கு 40 மில்லி நன்னாரித் தண்ணி, 110 மில்லி பானைத் தண்ணி, ஒரு ஸ்பூன் எலுமிச்சஞ்சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இனிப்பு மாத்திரை ஒண்ணு. உப்பை விட்டுராதிய, மாத்திரையோட பின்ருசியை அடக்குதது அதுதான். எலுமிச்சை புளியங்குடிப் பழம்னா சாறு கூட இருக்கும், அரை ஸ்பூன்ல ஆரம்பிங்க. நெஞ்செரிச்சல் இருந்தா எலுமிச்சையே வேண்டாம், பால் சர்பத்தாப் போட்டுருங்க: ஆவின் நீல பாக்கெட் பால் 120 மில்லி காய்ச்சி ஆற வச்சது, நன்னாரித் தண்ணி 40 மில்லி. பாலும் எலுமிச்சையும் சேராதுன்னு உங்களுக்கே தெரியும்.

பன்னீர் சோடாவை மறந்துருங்க. சீனி ஒரு பக்கம், கேஸ் ஒரு பக்கம். சின்ன வயித்துல கேஸ் விரிஞ்சா வலி தாங்காது. ஆத்தி ஆத்திக் கேஸைப் போக்கிட்டுக் குடிக்கலாமான்னு கேப்பாவ. கேஸ் போவும், சீனி எங்க போவும்? டயட்னு எழுதின பாட்டிலுக்கும் கேஸ் உண்டுல்லா. பன்னீர் வாசந்தான் வேணும்னா சமையலுக்குன்னு விக்குத பன்னீர் ஒரு ஸ்பூன், எலுமிச்சை நாலு சொட்டு, 150 மில்லி தண்ணி, அரை மாத்திரை. சாமிக்கும் கல்யாணத்துக்கும் தெளிக்கப் பன்னீரைக் குடிக்க எடுத்துராதிய.

பனங்காட்டு மடல்:

பதனியை இலேசாக்க வழியே இல்லை என்பது என் கருத்து. தண்ணீர் ஊற்றினால் அது பதனி இல்லை, இனிப்பு மாத்திரை போட அதில் இனிப்புக்குக் குறைவும் இல்லை. நூறு மில்லியில் 10 முதல் 12 கிராம் சர்க்கரை. ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பது 300 மில்லி இருக்கும், அப்படியென்றால் 30 கிராமைத் தாண்டும். ஆகவே அளவுதான் ஒரே வழி. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து 50 மில்லி, மூன்று நான்கு மடக்காக. வெறும் வயிற்றில் வேண்டாம். முதல் முறை வீட்டில் இருக்கும்போது குடித்து, மூன்று மணி நேரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு முறை. வீட்டில் வைத்திருந்து மறுபடி மறுபடி நக்கிப் பார்க்கிற பொருள் அல்ல.

காலையில் இறக்கியதைத்தான் வாங்க வேண்டும். கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் புளிக்காமல் காப்பது. வெயில் ஏறிய பிறகு நுரை கட்டி, மூக்கில் புளிப்பு ஏறினால் அது கள்ளாகிக் கொண்டிருக்கிறது. இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சாராயச் சத்து மற்றவர்களைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், சுகர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து.

நுங்கு மட்டும் தாராளம். இளசாக, தோலை உரித்து, பல்லால் நன்றாக அரைத்து விழுங்கினால் இரண்டு சுளை ஒன்றும் செய்யாது. முற்றின கடுக்காய் நுங்கு ஸ்லீவ் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். நுங்கை மசித்து அண்ணாச்சி சொன்ன நன்னாரித் தண்ணீரில் போட்டால் பதனியும் நுங்கும் குடித்த திருப்தி முக்கால்வாசி வந்துவிடும். இளநீருக்கும் அளவுக் கணக்குதான்: ஒரு காயை ஒரே மூச்சில் குடிக்காமல், 100 மில்லியாகப் பிரித்து. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, பொட்டாசியத்தை ஏற்றும் பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

லேபிள் பார்க்கிறவன்:

இனிப்பு மாத்திரை பத்தி யாரும் விளக்கமா சொல்லலை. சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும், காப்பிக்கு அது. ஆஸ்பார்டேம் கொதிச்சா இனிப்புப் போயிடும். ஸ்டீவியா சர்பத்துக்குப் பரவாயில்ல, காப்பியில கசக்கும். மாத்திரையோ சொட்டோ வாங்குங்க. ஸ்பூன்ல அள்ளிப் போடுற பொடியில சுக்ரலோஸ் இம்மியூண்டு, மிச்சம் மால்டோடெக்ஸ்ட்ரின் மாதிரி மாவுச்சத்து நிரப்பி. சார்பிட்டால், மால்டிட்டால்னு பொருள் பட்டியல்ல இருந்தா வச்சுட்டு வந்துடுங்க, வாயுவும் பேதியும் வர வாய்ப்பு அதிகம்.

'நோ ஆடட் சுகர்'னா சர்க்கரையே இல்லைன்னு அர்த்தம் இல்ல, பழச்சாத்துல உள்ளது அப்படியே இருக்கும். நம்ம நாட்டு விதிப்படி பானத்துல 100 மில்லிக்கு 0.5 கிராமுக்கு மேல போகாம இருந்தாத்தான் 'சுகர் ஃபிரீ'னு போடலாம், 'லோ சுகர்'னா 2.5 கிராம். முன்பக்கப் படத்தைப் பாக்காதீங்க, பின்பக்கக் கட்டத்தைப் பாருங்க.

எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம்னு 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. சுகர் உள்ளவங்களுக்கு அந்தப் பரிந்துரை இல்ல. ஆனாலும் ஒரு மாத்திரையை முக்காலாக்கி, பாதியாக்கிக் கொண்டு வர்றது நல்லது. ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கு கொஞ்ச இனிப்பையே தூக்கலாக் காட்டுறது பலருக்கு நடக்கிறதுதான், அந்தச் சமயத்தைப் பயன்படுத்திக்கோங்க.

வண்ணாரப்பேட்டை வாசி:

எல்லாருக்கும் நன்றி. ரோஸ்மில்க்ல புரதப் பொடி கலந்தா திரிதிரியா நிக்குது, மிக்ஸியில அடிச்சா நுரை வந்து வயிறு உப்புதுங்காங்க. சப்ஜா விதை, பாதாம் பிசின் போடலாமா? அப்புறம், வெளியில போனா கடையில என்ன கேட்டு வாங்க?

உணவியல் மேசை:

பொடியைச் சூடான பால்ல போட்டீங்கன்னா அதுல உள்ள வே புரதம் (பால்ல இருந்து பிரிச்செடுக்கிறது) வெந்து கட்டியாகும். 20 கிராம் வே ஐசொலேட் பொடியை (சுத்திகரிச்ச வே புரதம்) 40 மில்லி ஆறின தண்ணியில ஸ்பூனால குழைங்க, கூழ் மாதிரி வரணும். அதுக்கப்புறம் 120 மில்லி ஆறின பாலைக் கொஞ்சங்கொஞ்சமா விட்டுக் கலக்குங்க. வெதுவெதுப்பா வேணும்னா விரல் தாங்குற சூட்டுக்கு மேல போகக்கூடாது. மிக்ஸி வேண்டாம், அடிச்சுட்டா பத்து நிமிஷம் வச்சு நுரையை வழிச்சுடுங்க. ரோஸ் சிரப்புக்குப் பதில் ரோஸ் எசன்ஸ் ரெண்டு சொட்டு, நிறத்துக்கு பீட்ரூட் சாறு அரை ஸ்பூன், இனிப்பு மாத்திரை ஒண்ணு. இந்த ஒரு டம்ளர்ல 20 கிராம் பக்கம் புரதம் கிடைச்சுடும். நாளுக்கு 60 முதல் 80 கிராம் தேவைப்படுற இடத்துல இது ஆசைக்குக் குடிக்கிறது மட்டும் இல்ல, சாயங்காலச் சாப்பாடாவே வச்சுக்கலாம். பால் குடிச்சு வயிறு இரைஞ்சா லாக்டோஸ் இல்லாத பாலுக்கு மாறிடுங்க.

சப்ஜா அரை ஸ்பூனை அரை மணி நேரம் ஊற வச்சு, முழுசா உப்பின பிறகு போடலாம். ஊறாததைப் போட்டா உள்ள போய் உப்பும். பாதாம் பிசின் ராத்திரி முழுக்க ஊறணும், ஒரு ஸ்பூனுக்கு மேல வேண்டாம். அதுல புரதம் இல்ல, சின்ன வயித்துல இடத்தை அடைச்சுக்கும்.

கடையில சிரப் இல்லாம எலுமிச்சை, உப்பு, தண்ணி மட்டும்னு கேளுங்க, பையில இருக்கிற இனிப்பு மாத்திரையைப் போட்டுக்கலாம். ஐஸும் சோடாவும் வேண்டாம்னு முதல்லயே சொல்லிடணும். இல்லாட்டி நீர்மோர். கரும்புச்சாறு, மில்க் ஷேக், ஜிகர்தண்டா வண்டிப் பக்கம் போகவே வேண்டாம், அதுல எதையும் குறைச்சு வாங்க முடியாது.

மாத்திரை நேரத்தையும் சொல்லிடுறேன். இரும்புச்சத்து மாத்திரையைப் பால், காப்பி, டீயோட சேக்கக்கூடாது, எலுமிச்சைத் தண்ணியோட சேக்கலாம். கால்சியம் மாத்திரைக்கும் இரும்புக்கும் ரெண்டு மணி நேர இடைவெளி வேணும். எலுமிச்சை சர்பத்தை அரை மணி நேரமா மடக்கு மடக்கா குடிக்கிறப்போ பல் புளிப்புலயே ஊறும். முடிச்சதும் வெறும் தண்ணியில வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க, உடனே பல் தேய்க்க வேண்டாம்.