அந்த ஆரஞ்சை யார் கொடுத்தது? (ஷீலே – வல்லி தகராறு)

கரிக்கட்டை:
நேத்து தூரிகைதாசன் போட்ட பதிவைப் படிச்சதுல தூக்கம் போச்சு. ஆஸ்திரிய ஓவியர் எகான் ஷீலே 1912 ஏப்ரல்ல நொய்லெங்பாக் ஊர்ல கம்பி எண்ணினப்போ, அவரோட மாடல் வல்லி நொய்ட்சில் தினமும் ஆரஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தாளாம். ஓவியன்–மாடல் உறவுக்கே அதுதான் இலக்கணமாம். தினமுமா? பழக்கடை வச்சிருந்தாளா? ஷீலே வரைஞ்சது ஒரே ஒரு ஆரஞ்சு. ஏப்ரல் 19 தேதி போட்ட நீர்வண்ணம். கசங்கின போர்வை, மரக்கதவு, கட்டில் மேல ஒத்தைப் பழம். அந்த ஒரு ஆரஞ்சுதான் ஒரே வெளிச்சம்னு அவரே எழுதி வச்சிருக்கார். யார் கொடுத்தாங்கன்னு எழுதியிருக்காரா? இல்ல.

தூரிகைதாசன்:
வணக்கம் சார். 'தினமும்'ங்கிறது ஒரு பேச்சுக்குச் சொன்னது. வல்லி கொடுத்ததா சிறை நாட்குறிப்புலயே வருதே. 24 நாள் உள்ள கிடந்தார். ஊரே காறித் துப்பினப்போ கூட நின்னவ அவ ஒருத்திதான். அதை விட்டுட்டுப் பழத்தை எண்ணிக்கிட்டு இருக்கீங்க.

கரிக்கட்டை:
அந்த நாட்குறிப்பு வந்தது 1922ல, ஷீலே செத்து நாலு வருஷம் கழிச்சு. வெளியிட்டவர் கலை விமர்சகர் ஆர்தர் ரோஸ்லர். அது அவரோட சொந்தச் சரக்குன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்லி எவ்வளவோ காலமாச்சு. ரோஸ்லர் வாங்கின ஆரஞ்சை வல்லி கையில திணிக்காதீங்க.

மதுரைக்காரி:
நடுவுல ஒரு கேள்வி. மாடல்னா இங்க யாரைச் சொல்றோம்? காசு வாங்கிட்டு நின்னுட்டுப் போறவங்களா, கூடவே குடித்தனம் நடத்துறவங்களா? வல்லி 1911ல ஷீலேகிட்ட வந்தப்போ அவளுக்கு 17 வயசுக்குள்ள. ஜெர்மனியில டிரெஸ்டன்ல கிர்ஷ்னர், ஹெக்கல்னு ரெண்டு ஓவியர்கள் வரைஞ்ச ஃப்ரென்சிக்கு 1909ல எட்டு ஒன்பது வயசுதான். ரெண்டு பேரையும் ஒரே வார்த்தையில அடக்கிட்டு 'உறவு உறவு'ன்னா எப்படி? முதல்ல அதைப் பேசலாமே.

பழைய_பேப்பர்:
எனக்கும் ஒரு சந்தேகம். அது ஆரஞ்சா, சாத்துக்குடியா?

கரிக்கட்டை:
மதுரைக்காரி அக்கா, உங்க கேள்வி பெரிசு, தனி இழை தொடங்குங்க. இங்க பேச்சு ஆரஞ்சைப் பத்தி.

வடபழனி_வாசகன்:
அதென்ன வல்லி? நாங்க எல்லாம் வாலின்னுதான் எழுதுறோம்.

கரிக்கட்டை:
வல்புர்காவோட செல்லப்பேரு. ஜெர்மன்ல குறிலாத்தான் சொல்வாங்க. வாலின்னு எழுதினா ராமன் மரத்துக்குப் பின்னாடி நிக்கிறாப்ல இருக்கு.

பழைய_பேப்பர்:
ஷீலேவும் மறைஞ்சு நின்னுதானே அம்பு விட்டார்? கல்யாணம் பண்ணிக்கப்போறேன், ஆதாயமாத்தான், வல்லியை இல்லன்னு 1915 பிப்ரவரியில ரோஸ்லருக்குக் கடிதம் போட்டார். ஜூன்ல எதிர்வீட்டு எடித்தோட கல்யாணம். வருஷாவருஷம் கோடைக்கு நாம ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வரலாம்னு வல்லிக்கு எழுதியே கொடுத்தாராம். போய்யான்னுட்டா.

கரிக்கட்டை:
அந்தக் கோடைக்கதையைச் சொன்னவரும் ரோஸ்லர்தான்.

தூரிகைதாசன்:
ஐயா, உங்களுக்கு ரோஸ்லர்னா அலர்ஜி. போன வருஷம் வான்கோ இழையிலயும் இப்படித்தான். அவர் அறுத்தது முழுக்காதா, கீழ்ச்சோணை மட்டுமான்னு ஒன்பது நாள் இழுத்தீங்க. என்னை 'காலண்டர் ரசிகன்'னு சொன்னீங்க. நான் மறக்கல.

கரிக்கட்டை:
கிட்டத்தட்ட முழுக்காதுதான். வைத்தியம் பார்த்த டாக்டர் ரே வரைஞ்சு கொடுத்த படமே 2016ல வெளிய வந்தாச்சு. சோணைன்னு அடம் பிடிச்சது நீங்க. காலண்டர் ரசிகனை வாபஸ் வாங்குறதா இல்ல.

மதுரைக்காரி:
காதையும் பழத்தையும் கொஞ்சம் தள்ளி வைங்க. 1913 ஜனவரியில ஷீலேயோட நோட்டுல வல்லி தன் கையால எழுதினது ஒண்ணு இருக்கு. உலகத்துல யார் மேலயும் எனக்குக் காதல் இல்லைன்னு இதன்மூலம் உறுதி சொல்றேன்னு பத்திரம் எழுதுற மாதிரி எழுதி, கீழ பேரு போட்டிருக்கா. விளையாட்டா, கோபமா, அவன் எழுதச் சொன்னானான்னு மண்டையை உடைச்சுக்கலாம். ஆனா அது அவ வாக்கு. ரோஸ்லர் எழுதினதும் இல்ல, ஷீலே வரைஞ்சதும் இல்ல. அப்புறம் நர்ஸா போய், 1917 கிறிஸ்துமஸ் அன்னிக்கு டால்மேஷியாவில ஸ்கார்லெட் காய்ச்சல்ல செத்தா. வயசு 23.

தூரிகைதாசன்:
பாத்தீங்களா? தியாகம்! இதைத்தானே நேத்தும் எழுதினேன்.

மதுரைக்காரி:
சார், யார் மேலயும் காதல் இல்லைன்னு எழுதியிருக்கா. அதுல தியாகம் எங்க இருந்து வந்துச்சு?

வடபழனி_வாசகன்:
1912ல ஷீலே வரைஞ்ச வாலி படம், நாஜிகள் காலத்துல ஒரு யூதப் பெண்மணிகிட்ட இருந்து பறிச்சது. 1998ல நியூயார்க்ல மடக்கி வச்சு, 12 வருஷம் வழக்கு நடந்து, 1.9 கோடி டாலர் கொடுத்துத்தான் லியோபோல்ட் மியூசியம் வியன்னாவுக்குத் திருப்பிக் கொண்டுபோச்சு. நின்ன பொண்ணுக்கு என்ன கூலி கொடுத்தாங்களோ.

கரிக்கட்டை:
வல்லி. 'வா' இல்ல, 'வ'. அப்புறம், வழக்கு, காது, கூலின்னு எங்க சுத்தினாலும் நான் கேட்டதுக்குப் பதில் வரல. ரோஸ்லரை விட்டுட்டு, வல்லிதான் கொடுத்தான்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு? ஒரு கடிதம்?

தூரிகைதாசன்:
நீங்கதான் கொடுத்தீங்க போதுமா? வல்லி கொடுக்கலைன்னா ஜெயிலரா வாங்கிக் கொடுத்தான்?

கரிக்கட்டை:
கொடுத்திருக்கலாம். ஜெயிலர் கொடுக்கலைன்னு சீட்டு வச்சிருக்கீங்களா?

பழைய_பேப்பர்:
சாத்துக்குடிக்கு இன்னும் பதில் வரல.

தூரிகைதாசன்:
இந்த ஆளோட பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை பகுதி 2 போடுறேன். காதலி ஆல்மா மாலர் விட்டுட்டுப் போனதும் ஓவியர் கொக்கோஷ்கா அவ அளவுக்கே பொம்மை செய்யச் சொன்ன கதை.

கரிக்கட்டை:
தாராளமாப் போடுங்க. அதைச் செஞ்சது ஹெர்மினே மூஸ். அந்தம்மா பேரையாவது ஒழுங்கா எழுதுங்க. காத்துக்கிட்டு இருக்கேன்.